கணக்கில் சேராத ஆண்டு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு என்று மாவட்டத்தின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்துசேரும் பெரியாஸ்பத்திரி அதனுடையதுதான். அந்தக் கல்லூரியில் பெண்கள் டீனாகவே இருந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் மாணவிகள் ஏறக்குறைய சரிபாதி. அரசு வேலைக்கு வந்துவிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பள விகிதம். இவ்வளவுக்கும் பிறகு பெண் டாக்டர்களுக்கு என்ன குறை என்று பலர் கேட்கிறார்கள். காலக் கணக்கில்தான் குறை. குடும்பத்தை வேறு யாரோ கவனித்துக்கொள்ள, தான் வேலையை மட்டும் பார்க்கும் ஆணின் வயதை வைத்தே டாக்டர் தொழிலின் ஒவ்வொரு கட்டமும் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்குக்குள் பெண்ணைப் பொருத்தப் பார்க்கும்போது, அவளுடைய ஆண்டுகள் ஒவ்வொன்றாக விடுபட்டுப்போகின்றன.

பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குப் பயிற்சி மருத்துவர் ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. பி.ஜி. மூன்று ஆண்டு. அரசுக் கல்லூரி என்றால் அதற்கு மேல் பாண்டுப்படி கட்டாயப் பணி. டி.எம்., எம்.சிஎச். படிக்க நினைத்தால் இன்னும் மூன்று ஆண்டு. எங்கும் தாமதிக்காமல் படித்தாலே முப்பது தாண்டிவிடும். கல்யாணமும் பிரசவமும் வரும் வயதும் இதுவேதான். தமிழ்நாட்டு அரசு 2021 ஜூலையிலிருந்து தன் பெண் ஊழியர்களுக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு தருகிறது. பாராட்ட வேண்டிய முடிவு அது. ஆனாலும், கட்டாயப் பணியில் இருந்த ஒரு பெண் டாக்டர் அந்த விடுப்பை எடுத்தபோது, அதைப் பணிக்காலமாக ஏற்காமல் அவருடைய சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள். மகப்பேறு விடுப்பும் பாண்டு காலத்தில் சேர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்த பிறகுதான் வழி பிறந்தது. காகிதத்தில் உரிமை இருந்தும், பிள்ளை பெற்ற ஆண்டைக் கணக்கில் சேர்க்க ஒரு டாக்டர் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது.

பி.ஜி. படிக்கும்போது நெருக்கடி இன்னும் அதிகம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் மகப்பேறு விடுப்பை அனுமதிக்கின்றன. ஆனால் 80 சதவீத வருகைப்பதிவு வேண்டும். விடுப்பு நீண்டால் படிப்புக் காலமும் நீளும். தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992லேயே மத்திய அரசு வகுத்த வரம்பு பெரும்பாலான வார்டுகளில் ஏட்டளவில்தான் இருக்கிறது. லீவில் போகிறவருக்கு மாற்று ஆள் போடுவதில்லை. அவருடைய டூட்டி கூடப் படிக்கிறவர்கள் தலையில் விழுகிறது. நிர்வாகத்தின் மேல் போக வேண்டிய கோபம் கர்ப்பிணியின் மேல் திரும்புகிறது. சர்ஜரி, ஆர்த்தோ போன்ற துறைகளில் சேர நினைக்கும் மாணவியிடம் "உனக்கு எதற்கு இந்தக் கஷ்டம்?" என்று கேட்பதும் இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான்.

சம்பளம் ஒன்றாக இருந்தும் வருமானம் ஒன்றாக இல்லாததற்கும் இதே காலக் கணக்குதான் காரணம். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் டூட்டி நேரம் போகத் தனியாக கிளினிக் வைத்துக்கொள்ளலாம். பெயரும் பணமும் சேர்வது அந்த மாலை நேரத்தில்தான். அதே நேரத்தில் வீட்டில் பிள்ளைக்குப் பாடம், அடுப்படி, மாமனார் மாமியாருக்கு மருந்து என்று பெண் டாக்டருக்கு இன்னொரு டூட்டி தொடங்குகிறது. உலகம் முழுக்கவும் நிலைமை இதுதான். மருத்துவப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள் என்றாலும் உயர்பொறுப்புகளில் அவர்கள் 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இத்துறையில் பெண்களின் ஊதியம் சராசரியாக 24 சதவீதம் குறைவு என்று 2022இல் வந்த இன்னொரு அறிக்கை காட்டியது.

பெண்களுக்கு சீட்டு கொடுத்தால் வீணாகிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். 29 வயதில் அரசு வேலைக்கு வருகிறவர் 60 வரை 31 ஆண்டு உழைக்கிறார். இரண்டு பிரசவத்துக்கு இரண்டு ஆண்டு போனாலும் மீதி 29 ஆண்டு மக்களுக்குத்தான். மகப்பேறு, குழந்தை நலம் போன்ற துறைகளைப் பெண்களே விரும்பித்தானே எடுக்கிறார்கள் என்பார்கள். மற்ற துறைகளில் டூட்டி முறையும் வழிகாட்டுதலும் சரியாக இருந்தால்தான் அதை விருப்பம் என்று சொல்ல முடியும். திறமை பற்றிய சந்தேகத்துக்கு ஆய்வுகளே பதில் சொல்கின்றன. அமெரிக்காவில் முதியவர்களின் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனை அனுமதிகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. 30 நாள் இறப்பு விகிதம் பெண் டாக்டர்கள் கவனித்தவர்களிடம் 11.07 சதவீதம், ஆண் டாக்டர்கள் கவனித்தவர்களிடம் 11.49 சதவீதம். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் பெண் டாக்டர் ஒரு மாற்றுக் குறைவு என்ற எண்ணத்தைத் தகர்க்க அது போதும். டாக்டர் சாந்தாவால் முடிந்ததே என்றும் கேட்பார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டிக்காத்த அவர் திருமணம் செய்துகொள்ளாமல் அந்த வளாகத்திலேயே வாழ்ந்தவர். அவரை வணங்குவோம். ஆனால் முன்னுக்கு வர அப்படியொரு வாழ்க்கைதான் நிபந்தனை என்று ஒரு தொழில் சொல்லக் கூடாது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட டூட்டிக்கு நடுவே செமினார் அறையில் ஓய்வெடுத்த பி.ஜி. மாணவி கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண் டாக்டர்களுக்கு இரவு டூட்டியைத் தவிர்க்கலாம் என்றது மேற்கு வங்க அரசு. பெண்கள் கேட்பது சலுகையில்லை, சம வாய்ப்பு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை மாற்றச் சொன்னது. அதுவே நியாயம். இரவு டூட்டியில்தான் அவசர சிகிச்சை கைவரும். அதை இழந்தவர் துறைத்தலைவர் ஆவதற்கான அனுபவத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

இதில் நோயாளிகளுக்கும் நஷ்டம் உண்டு. மார்பில் கட்டி, மூலம், அடியிறக்கம் என்று ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி நாள் கடத்தும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே பெண் சர்ஜன் கிடைக்க வேண்டுமானால், அந்த சர்ஜன் உருவாகும் பத்தாண்டை நாம் சரிசெய்ய வேண்டும். மகப்பேறு விடுப்பைக் கோர்ட்டு வரை இழுக்காமல் பணிக்காலமாக ஏற்பது, லீவுக்கு மாற்று டாக்டர் போடுவது, வார்டுக்குப் பக்கத்தில் பூட்டும் கழிவறையும் உள்ள டூட்டி ரூம், இரவிலும் இயங்கும் குழந்தைகள் காப்பகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மணிநேர வரம்பு: இவற்றில் எதுவும் அரசுக்கு எட்டாத செலவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 150 ஆண்டு கழித்தும் அவர்கள் பிள்ளை பெறும் ஆண்டைப் பணிக்காலத்தில் சேர்க்கத் தயங்கினால், சேர்க்கையில் கொடுத்த சமத்துவத்தைப் பாதி வழியில் பிடுங்கிக்கொள்கிறோம் என்றுதான் பொருள்.