இதய மிக்சோமா

இதய மிக்சோமா என்பது இதய அறைகளின் உட்சுவரில் தோன்றும் தீங்கற்ற கட்டி ஆகும். இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிதானவை. அவற்றுள் பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுவே. இது புற்றுநோய் அன்று. எனினும் குருதி ஓடும் பாதையில் வளர்வதால் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடியது. அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்த இயலும்.

அமைவிடமும் தோற்றமும்

ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மிக்சோமாக்கள் இடது மேலறையில் தோன்றுகின்றன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை வலது மேலறையில் காணப்படும். கட்டி பொதுவாக இரு மேலறைகளையும் பிரிக்கும் இடைச்சுவரில் ஒரு காம்பினால் ஒட்டிக்கொண்டிருக்கும். சில கட்டிகள் வழவழப்பானவை. வேறு சில கூழ் போன்று மென்மையாகவும் எளிதில் உதிரக்கூடியனவாகவும் இருக்கும். 30 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது அதிகம் காணப்படுகிறது.

பெரும்பாலான மிக்சோமாக்கள் மரபுவழி வருவதில்லை. கார்னி கூட்டறிகுறி என்னும் மரபுவழி நோயில் மட்டும் இளவயதிலேயே பல கட்டிகள் தோன்றலாம்.

அறிகுறிகள்

அறிகுறிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

* அடைப்பு: காம்பில் ஊசலாடும் கட்டி ஈரிதழ் வால்வை அடைக்கும்போது மூச்சுத்திணறல், தலைசுற்றல், மயக்கம் ஆகியன ஏற்படும். உடலின் நிலையை மாற்றும்போது இவை கூடவோ குறையவோ செய்யலாம்.
* துணுக்குகள் சிதறுதல்: கட்டியிலிருந்து பிரியும் துணுக்குகள் மூளையின் குருதிக்குழாயை அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். இதுவே சிலருக்கு முதல் அறிகுறியாக அமைகிறது.
* பொது அறிகுறிகள்: காய்ச்சல், எடை குறைதல், மூட்டுவலி. கட்டி சுரக்கும் இன்டர்லியூக்கின்-6 என்னும் புரதம் இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

நோயறிதல்

இதயத்துடிப்புமானியில் கேட்கும் ஒலி ஈரிதழ் வால்வுச் சுருக்கத்தின் ஒலியை ஒத்திருக்கும். எனவே வாதக் காய்ச்சலால் வரும் வால்வு நோய் எனத் தவறாகக் கருதப்படலாம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இதய உள்ளுறை அழற்சி என்றும் எண்ண இடமுண்டு. இக்குழப்பத்தைத் தீர்ப்பது எக்கோ எனப்படும் இதய மீயொலிச் சோதனை ஆகும். கட்டியின் அளவு, காம்பு, அசைவு ஆகிய அனைத்தையும் இதில் காணலாம். உணவுக்குழாய் வழியாகச் செய்யப்படும் எக்கோ மேலும் தெளிவான படம் தரும். கட்டியா, உறைந்த குருதியா என்ற ஐயம் எழுந்தால் காந்த அதிர்வுப் படிமம் உதவும். நோய் எதுவென்பது, அகற்றிய கட்டியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே உறுதி செய்யப்படுகிறது.

அறுவைச் சிகிச்சை

மிக்சோமாவைக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை. துணுக்குகள் எப்போது சிதறும் எனக் கூற இயலாததால், நோய் கண்டறியப்பட்டதும் காலந்தாழ்த்தாது அறுவை செய்யப்படுகிறது.

வழக்கமான முறையில் மார்பெலும்பு பிளக்கப்பட்டு, நோயாளி இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கப்படுகிறார். பெருந்தமனியில் கவ்வி இடப்பட்டு, பொட்டாசியம் கலந்த கரைசலால் இதயத்துடிப்பு நிறுத்தப்படும். அதுவரை இதயத்தை இயன்றவரை அழுத்தாமல் கையாள வேண்டும்; இல்லாவிடில் கட்டி உடைந்து துணுக்குகள் குருதியில் கலந்துவிடும். பின்னர் மேலறை திறக்கப்பட்டு, கட்டி அதன் காம்புடனும் காம்பு ஒட்டியுள்ள இடைச்சுவர்ப் பகுதியுடனும் சேர்த்து அகற்றப்படுகிறது. இதனால் உண்டாகும் துளை தையலிட்டோ, இதய உறையிலிருந்து எடுத்த ஒட்டுத் துண்டாலோ மூடப்படும்.

மரபுவழி அல்லாத கட்டிகள் மீண்டும் தோன்றுவது அரிது. கார்னி கூட்டறிகுறி உள்ளவர்களிடம் இவ்வாய்ப்பு அதிகம். ஆகவே அறுவைக்குப் பின்னரும் எக்கோ சோதனை தொடர்ந்து செய்யப்படுகிறது.

வரலாறு

நெடுங்காலம் மிக்சோமா பிணக்கூறாய்வில் மட்டுமே அறியப்பட்ட நோயாக இருந்தது. உயிருடன் இருப்பவரிடம் குருதிக்குழாய் வரைவு மூலம் இது 1952-இல் கண்டறியப்பட்டது. ஆயினும் அக்காலத்தில் அதனைப் பாதுகாப்பாக அகற்ற வழியில்லை. 1953-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை அறுவையில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டே, 1954-இல், சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் அத்தகைய இயந்திரத்தின் துணையுடன் இடது மேலறை மிக்சோமா ஒன்றை அகற்றி நோயாளியைக் காப்பாற்றினார். 1959-இல் ஜெர்மனியில் மீயொலி மூலம் இக்கட்டி கண்டறியப்பட்டது. அதன்பின் எக்கோ பரவலானதும், பிணக்கூறாய்வில் மட்டும் தெரிந்த இந்நோய் உரிய காலத்தில் கண்டறிந்து குணப்படுத்தக்கூடிய ஒன்றாயிற்று.