செய்யாத பாவத்தின் அறிக்கை

செய்த தவற்றை மறைப்பது மனிதருக்குப் புதிதல்ல. ஏதேன் தோட்டத்து மரங்களுக்கு இடையே ஒளிந்துகொண்ட நாள் முதல் நாம் அதைத்தான் செய்து வருகிறோம். ஆனால் தாம் செய்யாத கொலைகளைச் செய்ததாக ஒருவர் ஊரறியச் சொல்வாரா? அமெரிக்காவில் ஒருவர் சொன்னார். அவரைப் பற்றிய திரைப்படம் 2002-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அங்கே வெளியானது. 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ டேஞ்சரஸ் மைண்ட்' என்பது அதன் பெயர். ஆபத்தான ஒரு மனத்தின் பாவ அறிக்கைகள் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 'பாவ அறிக்கை' என்ற சொல் தலைப்பிலேயே இருப்பதால், இப்படத்தை முன்வைத்துச் சிறிது சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

யார் இந்த மனிதர்?

சக் பேரிஸ் 1929-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தவர். தொலைக்காட்சித் துறையில் நுழைந்து, 1962-இல் ஒரு புகழ்பெற்ற பாடலையும் எழுதினார். 1965-இல் 'தி டேட்டிங் கேம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மூவரை முகம் பாராமல் கேள்வி கேட்டு, ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு அது. அடுத்த ஆண்டே புதுமணத் தம்பதியருக்கான நிகழ்ச்சி வந்தது. 1976-இல் தொடங்கிய 'தி காங் ஷோ'வை அவரே நடத்தினார். அரைகுறைத் திறமையோடு பாடவும் ஆடவும் வருபவர்களை நடுவர்கள் பெரிய வெண்கலத் தட்டை அடித்து நிறுத்துவார்கள். மக்கள் சிரித்தார்கள். விமர்சகர்களோ, தொலைக்காட்சியைத் தரம் தாழ்த்தியவர் என்று அவரைச் சாடினார்கள்.

புகழும் பழியும் ஒன்றாக வந்து சேர்ந்த இந்த மனிதர் 1984-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பகலில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவும், மறைவில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்காகக் கொலை செய்பவராகவும் வாழ்ந்ததாக அதில் எழுதியிருந்தார். தாம் கொன்றவர்கள் 33 பேர் என்று கணக்கும் சொன்னார். ஆனால் அதே ஆண்டு அளித்த தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், இது கற்பனையே என்றும், ஒருமுறை அங்கு வேலைக்கு விண்ணப்பித்தது மட்டுமே உண்மை என்றும் ஒப்புக்கொண்டார். உளவு நிறுவனமும் இக்கதையை முற்றிலுமாக மறுத்தது. ஆயினும் அவர் அதை முழுமையாகக் கைவிடவில்லை. 2004-இல் அதன் தொடர்ச்சியாக இன்னொரு நூலையும் எழுதினார்.

படம் காட்டுவது என்ன?

நடிகர் ஜார்ஜ் குளூனி இயக்கிய முதல் படம் இது. திரைக்கதை சார்லி காஃப்மன். பேரிஸாக நடித்த சாம் ராக்வெல் 2003-இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது பெற்றார். இது சிறுவர்களோடு அமர்ந்து பார்க்கத்தக்க படம் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நிகழ்ச்சியில் வென்ற இணையரைப் பரிசுப் பயணமாக மேற்கு பெர்லினுக்கும் ஹெல்சின்கிக்கும் அனுப்பி, அவர்களுக்குத் துணையாகச் செல்வதுபோல் சென்று கொலை செய்கிறார் படத்தின் பேரிஸ். இடையிடையே, அவரை அறிந்த உண்மையான மனிதர்கள் தோன்றிப் பேசுகிறார்கள். இதனால் பார்ப்பவருக்கு எது நிஜம், எது கதை என்று விளங்குவதில்லை. விடுதி அறையில் சவரம் செய்யாத முகத்தோடு, தம்மைத் தாமே அடைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் தனிமை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஏன் இப்படி ஒரு பொய்?

அவரது உள்ளத்தைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆனால் நம் உள்ளத்தைப் பார்த்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். அற்பமானவன் என்று பெயர் எடுப்பதைவிடக் கொடியவன் என்று பெயர் எடுப்பது சிலருக்கு எளிது. பெரிய குற்றத்தில் ஒரு கம்பீரம் இருப்பதுபோல் தோன்றுகிறது. சிறுமையில் அது இல்லை.

இதே தலைப்பை உடைய இன்னொரு நூலை நாம் நன்கு அறிவோம். ஏறக்குறைய கி.பி. 400-ஐ ஒட்டிப் புனித அகுஸ்தினார் எழுதிய பாவ அறிக்கை அது. அதில் அவர் நீண்ட நேரம் வருந்திப் பேசும் பாவங்களில் ஒன்று என்ன? தம் 16-ஆம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து அயலாரின் மரத்தில் பேரிக்காய் திருடியது! பசிக்காகத் திருடவில்லை. பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தவறு செய்வதில் இருந்த இன்பத்துக்காகவே அதைச் செய்ததை எண்ணி அவர் நடுங்குகிறார். ஒருவர் 33 கொலைகளைச் சொல்லியும் நம்மிடம் ஒன்றையும் அறிக்கையிடவில்லை. மற்றவர் சில பேரிக்காய்களைச் சொல்லித் தம் இதயத்தையே திறந்துவிட்டார்.

ஒப்புரவு அருளடையாளத்தில் கனமான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் குறிப்பிட்டு அறிக்கையிட வேண்டும் எனத் திருச்சபை கேட்பது இதனால்தான். "நான் பெரும் பாவி" என்று சொல்வது கடினமல்ல. "தம்பியின் பங்கு நிலத்தை நான் எழுதி வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும்போதுதான் நா தடுமாறுகிறது. பாவத்தைக் குறைத்துச் சொல்வது மட்டுமல்ல, பெருக்கிச் சொல்வதும் ஒரு மறைவிடமே.

உண்மையான அறிக்கை

பேரிஸின் கதை அந்தப் படத்தோடு முடியவில்லை. அவருக்கு ஒரே மகள். 1998-இல், 36 வயதில், போதைப் பொருளால் அந்த மகள் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2010-இல், எண்பது வயதைக் கடந்த தந்தை மகளின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். அதில் உளவாளி இல்லை, துப்பாக்கி இல்லை. மகளை இழந்த தந்தையின் துயரமும் மனவருத்தமும் இருந்தன. அந்நூலை யாரும் பெரும் திரைப்படமாக எடுக்கவில்லை. 2017 மார்ச் மாதத்தில் அவர் 87 வயதில் இறந்தபோதும், செய்திகள் பெரிதும் பேசியது அந்த 33 கொலைகளின் கதையைத்தான்.

அன்பார்ந்தவர்களே, உலகம் எதைக் கேட்க விரும்புகிறது என்பதைப் பாருங்கள். செய்யாத கொலைக்குக் கூட்டம் கூடுகிறது. ஒரு தந்தையின் கண்ணீரைக் கேட்க ஆளில்லை. ஆனால் இறைவன் கேட்கக் காத்திருப்பது அந்தக் கண்ணீரைத்தான். நம் வீட்டில் நாம் நேரம் கொடுக்காத பிள்ளை யார்? கேட்கப்படாமல் கிடக்கும் மன்னிப்பு எது? அடுத்த முறை ஒப்புரவுக்கு வரும்போது, பெரிய சொற்களைத் தேட வேண்டாம். அந்த ஒரு பெயரை மட்டும் மனத்தில் எடுத்து வருவோம். முடிந்தால் வரும் வழியிலேயே அவரைச் சந்தித்துப் பேசிவிட்டு வருவோம்.