கார் சுருங்கும், பெயிண்ட் சுருங்காது

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. அடுத்து ஒரகடம். கார், லாரி, புல்லட் என்று புது வண்டிகள் நிறம் ஏறி வெளியே வரும் வட்டாரம் இது. பொதுவாக ஒரு காருக்கு நான்கு அடுக்குப் பூச்சு உண்டு. துருவைத் தடுக்க மின்சார முறையில் ஒன்று, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் பளபளப்புக்குக் கிளியர் கோட். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

அந்தக் காரையே 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, அலமாரியில் வைக்க மாதிரி செய்கிறோம் என்று வையுங்கள். கதவு, விளக்கு, சக்கரம் எல்லாம் சுருங்கிவிடும். பெயிண்ட் மட்டும் சுருங்காது. அதே 100 மைக்ரான் பூச்சு அந்தக் குட்டிக் காரின் கணக்கில் 2.4 மில்லிமீட்டர் தடிமன் ஆகிவிடும். நிஜக் காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி இருந்தால், மாதிரியில் அது 0.17 மி.மீ.தான். இரு விளிம்பிலும் 0.1 மி.மீ. பெயிண்ட் ஏறினால் இடைவெளியே அடைபட்டுப்போகும். மெட்டாலிக் நிறத்தில் மின்னும் அலுமினியத் துகள் 20 மைக்ரான் என்றால், குட்டிக் காரில் அது அரை மில்லிமீட்டர் ஜிகினாவாகத் தெரியும். ராயல் என்ஃபீல்ட் 2022-இல் கிளாசிக் வண்டிக்கு 1:3 அளவில் மாதிரி வெளியிட்டது. அந்த அளவில் இந்தத் தொல்லை கண்ணுக்குப் படாது. கைக்குள் அடங்கும் மாதிரியில்தான் அது முழுதாக வெளிப்படும்.

மாதிரி செய்பவர்கள், காற்றால் நிறம் தூவும் ஏர்பிரஷில் பெயிண்டுக்குப் பதில் மையை ஊற்றிப் பார்ப்பது இதனால்தான். அக்ரிலிக் மையில் நிறமித் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் கீழே அரைக்கப்பட்டிருக்கும். சாய மையில் துகளே கிடையாது, நிறம் முழுக்கக் கரைந்திருக்கும். மை தண்ணீர்போல் இளகி ஓடுவதால் 0.2 மி.மீ. துளையிலும் அடைக்காது. விசையைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே ஊசி விலகும். பாயும் காற்று மையை உறிஞ்சி இழுத்துப் பொடித்துளிகளாகச் சிதறடிக்கும். ஒரு பார் அழுத்தமே போதும்.

துளி போய் விழும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 அலகு. பிளாஸ்டிக் மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனவை. அதன் பரப்பு ஆற்றல் அதில் பாதி அளவே. அதனால் மை பரவாமல் சேம்பிலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். 22 அலகே உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டு கலந்தால் துளி படிந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் இதைச் சோதிக்கலாம். ஏர்பிரஷ் நுனியை மிக அருகே கொண்டுபோனால் காற்று ஈர மையைத் தள்ளி, சிலந்திக்கால் போட்டதுபோல் கோடுகள் கிளம்பும். தூரத்தில் பிடித்தால் துளி வழியிலேயே உலர்ந்து, பரப்பு சொரசொரப்பாகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில சென்டிமீட்டரைக் கை பழகிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வானிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரையில் மை ஊசி நுனியிலேயே காய்ந்து துப்பும். ஐப்பசி ஈரத்திலோ ஒரு கோட் உலரவே நேரமாகும். ஏர்பிரஷுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரில், அழுத்திய காற்றிலிருந்து தண்ணீரும் பிரியும். அதைப் பிடிக்கும் கிண்ணத்தை வடித்துவிடாவிட்டால் நிறத்தின் நடுவே வெறும் நீர்த்துளி வந்து விழும்.

இவ்வளவு பாடும் ஒரு அழகுக்காகத்தான். மை ஒளியை ஊடுருவ விடும். கீழே வெள்ளிப் பூச்சு இருந்தால், ஒளி மையைக் கடந்து உள்ளே போய், வெள்ளியில் பட்டு, மீண்டும் மையைக் கடந்து வெளியே வரும். ஒரு கோட் ஒருமுறைக்கு 80 சதவீத ஒளியை விடுகிறது என்றால், போய்த் திரும்பும்போது மிஞ்சுவது 64. மூன்று கோட் போட்டால் ஏறத்தாழ 26. கோட்டுக்குக் கோட் இழப்பு பெருக்கலாகவே நடப்பதால், ஓரத்தில் வீச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் உடனே கருத்துத் தெரியும். இப்படி வெள்ளிமேல் சிவப்பு மை அடித்தால் வரும் ஆழத்தைக் கெட்டிப் பெயிண்டில் எத்தனை கோட் அடித்தாலும் கொண்டுவர முடியாது.

இந்த ஆழம் கிடைக்க மை பரப்பின்மேலேயே நிற்க வேண்டும். அதே மையைக் காகிதக்கூழ் கொலு பொம்மையின் மேல் நேரே அடித்தால் உள்ளே இறங்கி மங்கிப்போகும். காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரர்கள் முதலில் வெள்ளைப் பூச்சு கொடுத்து மூடிக்கொள்வது இதையும் தடுக்கிறது.

சாய மை கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலுக்குத் தாங்காது. அதன்மேல் கரைப்பான் கலந்த கிளியர் கோட் போட்டால் சாயம் கசிந்து மேலேறவும் கூடும். மாதிரி பல வருடம் நிற்க வேண்டுமானால் நிறமி மைதான் சரி. வாங்கிய மை எப்படிப்பட்டது என்று தெரிய, ஒரு ஸ்பூனில் அடித்து, பாதியை அலுமினியத் தாளால் சுற்றி மொட்டை மாடியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். மை அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். மாதிரிமேல் படியாமல் மிதக்கும் துளிகள் நுரையீரல்வரை போகும் அளவுக்குச் சின்னவை.