தானுந்து ஒலியமைப்பில் விட்டுவிட்டு ஏற்படும் ஒலி இழப்பு

தானுந்து ஒன்றின் ஒலியமைப்பில் ஒலி திடீரென நின்று, சிறிது நேரத்தில் தானாகவே மீண்டும் வரும் பழுது, விட்டுவிட்டு ஏற்படும் ஒலி இழப்பு எனப்படும். இதற்கு ஸ்டீரியோ கருவியைவிட மின் இணைப்புகளே அடிக்கடி காரணமாகின்றன. துறைமுகமும் உப்பளங்களும் அமைந்துள்ள தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பினால் ஏற்படும் அரிப்பு இதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.

மின்சுற்று

மின்கலத்தின் நேர்முனையிலிருந்து வரும் மின்னோட்டம் உருகி வழியாக ஸ்டீரியோவையும், மிகைப்பி தனியாக இருப்பின் அதனையும் அடைகிறது. மிகைப்பி குறிகையை வலுப்படுத்தி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புகிறது. மின்கலத்தின் எதிர்முனை வண்டியின் இரும்பு உடலுடன் இணைக்கப்பட்டிருப்பதால், மின்னோட்டம் அவ்வுடல் வழியாகவே திரும்புகிறது. உடலுடனான இவ்விணைப்பு 'எர்த்' என வழங்கப்படுகிறது. இப்பாதையில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் பழுது தோன்றக்கூடிய இடமாகும்.

உப்பும் ஈரமும்

தமிழ்நாட்டில் உப்பு உற்பத்தியில் தூத்துக்குடி மாவட்டம் முதலிடம் வகிக்கிறது. கடற்காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் கதவின் உட்புறத்திலும் இணைப்பிகளிலும் படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிகிறது. இக்கரைசல் செம்பை அரித்துப் பச்சை நிறப் படிவை உண்டாக்குகிறது. செம்பு முனையும் இரும்பு உடலும் சேருமிடத்தில் இரும்பு மேலும் விரைவாகத் துருப்பிடிக்கிறது.

எர்த் இணைப்புப் பழுது

மிகைப்பி ஒன்று 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுப்பதாகவும், துருப்பிடித்த எர்த் இணைப்பின் மின்தடை 0.4 ஓம் எனவும் கொள்வோம். ஓமின் விதிப்படி அங்கு 4 வோல்ட் இழக்கப்படும். எந்திரம் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட் 9.8 வோல்ட்டாகக் குறையும். 9 முதல் 10 வோல்ட் அளவில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் மிகைப்பிகள் பல உள்ளன. மிகைப்பி நின்றதும் மின்னோட்டம் குறைகிறது. மின்னழுத்தம் பழைய நிலைக்கு உயர்கிறது. ஒலி மீண்டும் வருகிறது. ஒலியளவைக் கூட்டும்போது மட்டும் ஒலி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இதே எடுத்துக்காட்டில் அவ்விணைப்பு 40 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. இது 25 வாட் சால்டரிங் அயர்ன் தரும் வெப்பத்தைவிட அதிகம். மின்னோட்டம் அளவு மீறாததால் உருகியும் எரிந்து அறுபடாது. எனவே இப்பழுதைக் கவனியாது விடுவது தீ விபத்துக்கு இடமளிக்கலாம்.

அறிகுறிகள்

* ஒலியுடன் ஸ்டீரியோவின் திரையும் அணைதல்: மின்வழங்கல், உருகிப் பிடி, எர்த்.
* ஒரு ஒலிபெருக்கி மட்டும் நிற்றல்: அதன் கம்பி, இணைப்பி அல்லது ஒலிச்சுருள்.
* கதவைத் திறந்து மூடும்போது மாறுதல்: கதவுக் கீல் அருகே இரப்பர் உறைக்குள் முறிந்த கம்பி.
* திரை எரிந்தும் எல்லா ஒலிபெருக்கிகளும் நிற்றல்: மிகைப்பியின் பாதுகாப்புச் சுற்று இயங்குதல்.

தற்கால ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஒலிபெருக்கியின் இரு கம்பிகளும் மிகைப்பியால் இயக்கப்படுகின்றன. உறை தேய்ந்த ஒரு கம்பி இரும்பு உடலைத் தொட்டாலே பாதுகாப்புச் சுற்று எல்லா ஒலிபெருக்கிகளையும் நிறுத்தக்கூடும்.

கண்டறிதல்

முதலில் வானொலி, யு.எசு.பி., புளூடூத் ஆகியவற்றை மாறி மாறி இயக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஒலி நின்றால் பழுது அந்த மூலத்தைச் சார்ந்தது. அடுத்து, பாட்டு ஒலிக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும், மறுமுனையை மிகைப்பியின் எர்த் முனையிலும் வைத்து அளக்க வேண்டும். அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையைச் சரிபார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி அளக்கும்போது 4 ஓம் ஒலிபெருக்கி ஏறத்தாழ 3 முதல் 4 ஓம் வரை காட்டும். கம்பியை மெல்ல அசைக்கும்போது அளவு தாவினால் முறிவு அவ்விடத்தில் உள்ளது எனலாம். இடது, வலது ஒலிபெருக்கிகளை மாற்றி இணைத்தும் பழுது அதே பக்கத்தில் நீடித்தால் ஒலிபெருக்கி பழுதன்று.

சீர்செய்தல்

வேலைக்கு முன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுதல் வேண்டும். கம்பி உறைக்குள் கருத்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிய முனையைப் பொருத்த வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் உப்பு மிகக் குறைவாகவே கரையும். ஆதலால் கழற்றிய இணைப்பிகளை முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, பின்னர் ஆல்ககால் கொண்டு உலர்த்துவது நன்று. எர்த் வளையத்தின் அடியில் உள்ள வண்ணப்பூச்சையும் துருவையும் சுரண்டி இறுக்கிய பின், அதன் மேல் கிரீசு தடவினால் ஈரம் புகாது. கடலோரத்தில், படகுகளில் பயன்படுவது போன்ற வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி நீடித்து உழைக்கும். உருகி அடிக்கடி அறுபட்டாலும், குறிப்பிட்டதைவிட அதிக ஆம்பியர் கொண்ட உருகியை இடுதல் கூடாது.