பிளஸ் டூ முடித்த மாற்றுத்திறனாளி மகளுக்கும் கல்லூரி உண்டு



நம் ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் 2015 ஜூன் மாதம் திறந்தது. அங்கே இருக்கிற லிப்ட் சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கட்டாயம் தேவை. ஆனால் அதில் ஏறுவது யார் யார்? கைக்குழந்தைக்காரி, மூட்டுவலிப் பாட்டி, சரக்கு மூட்டையோடு வரும் நம்ம குழுப் பெண்கள், எல்லோரும்தான். இப்படி எல்லோருக்கும் ஆகிற மாதிரி முதலிலேயே கட்ட வேண்டும் என்று சொன்னவர் ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவரே.

கல்லூரிப் பாடத்தையும் இதே போல நடத்தலாம். ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால், காது கேளாத பிள்ளைக்கு உதட்டசைவு தெரியாது. எழுதியதை வாய்விட்டுப் படிக்காவிட்டால், பார்வையில்லாத பிள்ளைக்கு அந்த வகுப்பே வீண். நோட்ஸை முன்கூட்டியே கொடுத்தால் இவர்களுக்கு மட்டுமா லாபம்? தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் வகுப்பில் திருதிருன்னு முழிக்கிற நம்ம பிள்ளைகளுக்கும் அதுதான் கைகொடுக்கும். பெரிய செலவும் இல்லை.

"இதுக்கு மேல என்னத்த படிக்க வைக்கிறது, வீட்டோட இருக்கட்டும்" என்று மகளை நிறுத்திவிடும் அம்மாக்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். மகனாக இருந்தால் கடன் வாங்கியாவது அனுப்புவோம், அது வேறு கதை!

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. 1995 சட்டத்தில் இது 3 சதவீதமாக இருந்தது. வயது வரம்பிலும் 5 வருடம் தளர்வு உண்டு. கையால் எழுத முடியாதவர்கள், சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம், அதாவது 3 மணி நேரப் பரீட்சைக்கு 1 மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். இது யாரும் போடும் பிச்சை அல்ல.

மெரினா எதிரில் உள்ள மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது. ஆனால் எந்தக் கல்லூரியானாலும் சீட்டு கிடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். வகுப்பு மாடியிலா? சாய்தளம் இருக்கிறதா? அதைவிட முக்கியம், சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை உண்டா? அது இல்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. சேரும் முன்பே நேரில் போய்ப் பாருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இல்லாதவர்கள் ரிசல்ட் வரட்டும் என்று காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள். டாக்டர் பரிசோதனை முடிந்து அட்டை கைக்கு வர நாள் பிடிக்கும்.