நூறாவது பாட்டு

ஜெலாப்பாங் பெரியவர்களிடம் பாகவதர் பேரைச் சொன்னால் போதும், தோட்டத் திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த கதை வந்துவிடும்.

1937-இல் வந்த ‘அம்பிகாபதி’யை இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன். பாகவதர் கம்பர் மகன், எம். ஆர். சந்தானலட்சுமி சோழன் மகள் அமராவதி. காதல் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் தப்பலாம். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள் பெண். 99-லேயே முடிந்ததென்று அவன் அவளைப் பாட, தலை போயிற்று.

கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் ராஜா விட்டிருப்பானா?

நாம் சங்க வேலையாகப் போன தோட்டமொன்றில் கிராணி மகளை இரவோடு இரவாக வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பால்வெட்டுப் பையன் மறுநாளும் காண்டா வாளியோடு பெரட்டில் நின்றான். சம்பளப் பாக்கிக்கு மனு எழுதத் தெரிந்த நமக்கு, அவனுக்கு எழுதித்தர ஒன்றும் தெரியவில்லை, ஐயா.