ஊசி போடாத செவிலியர்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், செவிலியாகப் பணியாற்றும் இளம்பெண் ஒருத்தி தன் அன்னையுடன் நம் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தாள். பெருநகர் ஒன்றில் நடந்த மருந்தாய்வில் மூன்று ஆண்டுகள் உழைத்தவள். ஆய்வு முடிவுற்றது, அத்துடன் அவளது வேலையும் முடிவுற்றது.

“ஊசி போடாத நர்சும் உண்டுமா, சாமி? மூணு வருசமா தாள் எழுதிக்கிட்டே இருந்திருக்கா. குவைத்துக்குப் போகச் சொல்லுங்க” என்றார் அன்னை. மகள் தலை கவிழ்ந்திருந்தாள்.

அன்று நாம் கூறிய மறுமொழியை நம் குடும்பங்கள் யாவும் அறிதல் நலம் எனக் கருதி இங்கு வரைகின்றோம்.

நாஞ்சில் நாட்டு முதியோர் ஆசாரிபள்ளம் காசநோய் மருத்துவமனையை மறந்திருக்க மாட்டார்கள். காசநோய் கண்டவர் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரிந்து, அத்தகைய இடங்களில் மாதக்கணக்கில் தங்கிய காலம் அது. அப்பிரிவு தேவைதானா எனச் சோதித்தறிந்த ஆய்வு நம் தமிழகத்திலேயே நடைபெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956-ல் சென்னையில் அதற்கென ஒரு நிலையத்தை நிறுவின. 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் ஓராண்டு மருந்தளித்தனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. உடனிருந்த குடும்பத்தார்க்கும் அதனால் கூடுதல் தீங்கு விளையவில்லை. 1959-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோயாளரை வீட்டிலேயே குணப்படுத்த வழி திறந்தது.

இம்முடிவை உலகம் நம்பியது எங்ஙனம்? நோயாளி மருந்தை உட்கொண்டாரா, பரணில் வைத்தாரா என்பது தெரியாவிடில் ஆய்வு பயனற்றதாகும் அன்றோ? ஆகவே சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைப் பெற்றுச் சோதனைக்கு அனுப்பினர். கண்டதைக் கண்டபடி எழுதினர். அந்தத் தாள்களின் மீதுதான் அவ்வாய்வு நின்றது.

இன்று ஆய்வுச் செவிலியர் செய்வதும் அத்தகைய பணியே. நோயாளிக்கு ஆய்வின் நன்மை தீமைகளை அவர் மொழியில் விளக்குகின்றனர். விரும்பாவிடில் விலகிக்கொள்ளும் உரிமை உண்டென உணர்த்துகின்றனர். பக்க விளைவு தோன்றின் உடனே மருத்துவர்க்கு அறிவிக்கின்றனர். மருந்தாய்வுகளுக்கென நம் நாட்டில் 2019-ல் வகுக்கப்பட்ட விதிகள் நோயாளியின் அறிந்த சம்மதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. எழுத்தறியா ஏழை கைநாட்டு வைக்குமுன் அவர் முகத்தைப் பார்த்து, “புரிந்ததா?” எனக் கேட்பவள் பெரும்பாலும் செவிலியே. அவள் அசட்டையாயின் ஏழையின் சம்மதம் வெறும் சடங்காகிவிடும்.

இத்துணைப் பொறுப்பைச் சுமப்பவளுக்கு நாம் அளிப்பது யாது? பலருக்குத் திட்டம் முடியும் வரையே நியமனம். வார்டில் தலைமைச் செவிலி எனும் படி உண்டு. ஆய்வில் அடுத்த படி யாதெனப் பல இடங்களில் எவரும் கூறுவதில்லை. வார்டுத் தோழியர் அவளை வேலைக்குத் தப்பியவளாகக் காண்கின்றனர். ஆய்வறையிலோ அவள் எழுத்தர் போல நடத்தப்படுகிறாள். ஐயம் எழுந்தால் வினவ மூத்த செவிலியும் இல்லை.

மருத்துவமனை நடத்துவோர்க்கு, நம் துறவற சபைகளுக்கும் சேர்த்தே, ஒன்று கூறுவோம். ஒரு திட்டம் முடியும் முன்பே அவளது அடுத்த பணியை முடிவு செய்யுங்கள். அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாக நியமியுங்கள். ஆய்வில் கழித்த ஆண்டுகளையும் பணிமூப்பில் சேருங்கள். மேற்படிப்புக்கு விடுப்பளியுங்கள். ஆய்வறிக்கையில் அவள் பெயரும் இடம்பெறட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். செவிலியர்க்குப் பட்டப்படிப்பு 1946-லேயே வேலூரிலும் தில்லியிலும் தொடங்கிற்று. இன்று முனைவர் பட்டம் வரை வழி திறந்துள்ளது. வளைகுடா நாடு செல்வதில் குற்றமில்லை. அங்கிருந்து வரும் பணத்தால் எழுந்த வீடுகள் நம் பங்கிலும் பல. ஆயினும் மகள் விரும்பிக் கற்ற பணியைத் “தாள் எழுதும் வேலை” என இகழ்ந்து, அவளை விமானம் ஏற்ற வேண்டாம்.

யாவற்றையும் கேட்ட அந்த அன்னை சிறிது நேரம் பேசவில்லை. பின் மகளை நோக்கி, “அந்த மருந்து ஆளுகளுக்குக் கேட்டுதா?” என வினவினார். மகள் முதன்முறையாக நிமிர்ந்து, தன் மூன்றாண்டுப் பணியை விவரிக்கலானாள். மணி எட்டாகியும் அவள் சொல்லி முடிக்கவில்லை.